மடக்குக் கத்தியும் நட்பும்

சட்டைப்பையில் அடங்கும் மடக்குக் கத்தி சிறு கருவியே. எனினும் மக்களை இணைக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. பிரான்சு நாட்டில் 1890இல் ஜோசப் ஓபினெல் என்பார் வடித்த மரப்பிடிக் கத்தியும், சுவிட்சர்லாந்தில் காரல் எல்செனர் 1891இல் படைவீரர்க்கு வழங்கிய கத்தியும் உலகப் புகழ் பெற்றன. இத்தகைய பழைய கத்திகளைத் திரட்டுவோர் ஒருவர்க்கொருவர் அவற்றைக் காட்டி மகிழ்வர், தீட்டும் முறையைக் கற்பிப்பர், மிகுந்தவற்றைப் பரிசளிப்பர்.

கத்தியைப் பரிசாகக் கொடுத்தால் நட்பு அறுபடும் என்பது மேலைநாட்டார் நம்பிக்கை. ஆதலின் பெறுபவர் ஒரு சிறு நாணயத்தைக் கொடுப்பார். அப்போது அது பரிசாகாது, விலைப்பொருளாகும். காஞ்சிபுரத்தை அடுத்த ஓரிக்கையில் பட்டு நெய்வோர் அறுந்த இழையை முடிச்சிட்டு இணைப்பர்; இவர்களோ நட்பிழை அறுமுன்னரே அதனைக் காத்துக்கொள்வர். நாணயம் என்னும் சொல் நேர்மையையும் குறிக்குமன்றோ? நட்பைக் காப்பதும் அதுவே.