பரிசு தருகிறவர் பணம் கேட்பாரா?

“வெளிநாட்டு வக்கீல் ஒருவரிடமிருந்து என் மகனின் செல்போனுக்கு மெயில் வந்திருக்கிறது. வாரிசு இல்லாமல் இறந்துபோன ஒருவரின் பணம் பல கோடி ரூபாய் வங்கியில் கிடக்கிறதாம். இறந்தவர் எங்கள் சொந்தமாக இருக்கலாம் என்கிறார். எங்கள் தாத்தாவின் தம்பி அந்தக் காலத்தில் மலேயாவுக்குப் போனவர்தான். பத்திரச் செலவுக்கு ரூ.18,500 அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்பலாமா?”

ஸ்ரீரங்கம் பக்கம் வாழை பயிரிடும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. பூச்சி, நோய் பற்றிய கேள்வி இல்லைதான். ஆனால் விளைவித்த பணத்தைக் காப்பாற்றுவதும் விவசாயத்தில் சேர்ந்ததே என்பதால் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

அனுப்ப வேண்டாம். பதில் மெயில்கூடப் போட வேண்டாம். முன்பின் தெரியாத ஒருவர், ‘உங்களுக்குப் பணம் வரப்போகிறது, அதற்கு முதலில் நீங்கள் பணம் கட்டுங்கள்’ என்றால் அது மோசடி.

ஏன் நம்பத் தோன்றுகிறது?

மெயில் அனுப்பியவருக்கு உங்கள் தாத்தாவின் தம்பியைத் தெரியாது. ஒரே மெயிலை எண்ணற்ற பேருக்கு அனுப்புகிறார்கள். திருச்சி, லால்குடி, துறையூர் பக்கம் எந்த ஊரில் கேட்டாலும் மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் இருப்பார்கள். அவர்கள் பாதிக் கதை சொன்னால் போதும். மீதிக் கதையை நம் மனசே சேர்த்துக்கொள்கிறது.

முதலில் கேட்கும் தொகை சிறியதாக இருக்கும். அதைக் கட்டியதும் வரி என்பார்கள், அப்புறம் கஸ்டம்ஸ், அப்புறம் சான்றிதழ். ஒவ்வொரு முறையும் ‘இதுதான் கடைசி’ என்பார்கள். போட்ட பணத்தை விட மனமில்லாமல் நாமும் தொடர்ந்து கட்டுவோம். அறுவடைப் பணம் கரைந்து, வீட்டு நகை அடகுக்குப் போகும்.

இதை உலகம் முழுக்க ‘419 மோசடி’ என்கிறார்கள். நைஜீரியக் குற்றவியல் சட்டத்தில் ஏமாற்றுக்கான பிரிவின் எண் அது. இல்லாத விமான நிலையத் திட்டத்தைக் காட்டி, பிரேசில் நாட்டு வங்கி அதிகாரி ஒருவரிடமிருந்து 1995 முதல் 1998 வரை சுமார் 24 கோடி டாலர் வங்கிப் பணத்தைக் கறந்தார்கள். வங்கி நடத்துகிறவரே ஏமாந்திருக்கிறார். ஆகவே ஏமாந்தவரை யாரும் ஏளனம் செய்ய வேண்டாம்.

லாட்டரி என்று வந்தால்

வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்கே தடை இருக்கிறது. கேரள அரசு லாட்டரி காகிதச் சீட்டாக மட்டுமே விற்கப்படுகிறது. வாட்ஸ்அப்பில் விற்பது போலி. வெளிநாட்டு லாட்டரிக்கு இங்கிருந்து பணம் அனுப்புவதே அந்நியச் செலாவணிச் சட்டப்படி குற்றம். அமிதாப் பச்சனின் ‘கோன் பனேகா கரோர்பதி’ பெயரில் 25 லட்சம் ரூபாய் பரிசு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியும் மோசடிதான்.

இன்னொன்று: உண்மையான லாட்டரிப் பரிசுக்கு 30 சதவீத வருமான வரி உண்டு. அதைப் பரிசுத் தொகையிலேயே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். ‘வரியை முன்னால் கட்டுங்கள்’ என்று கேட்பதில்லை.

உண்மையான வாரிசுப் பணம் எப்படி வரும்?

இந்தியாவில் வாரிசுச் சொத்துக்குத் தனி வரி கிடையாது. இருந்த வரியும் 1985-லேயே நீக்கப்பட்டது. ரிசர்வ் வங்கி தனிநபருக்குக் கணக்கு வைப்பதில்லை; ‘உங்கள் பணம் எங்களிடம் இருக்கிறது’ என்று யாருக்கும் மெயில் அனுப்புவதும் இல்லை.

குடும்பத்தில் இறந்தவரின் பணம் உள்ளூர் வங்கியில் இருந்தால் இறப்புச் சான்று, வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்று இவற்றுடன் அந்த வங்கிக் கிளைக்கே போகலாம். பத்து ஆண்டுக்கு மேல் கேட்பாரில்லாமல் கிடக்கும் வைப்புத் தொகையைத் தேட ரிசர்வ் வங்கி 2023-ல் ‘உத்கம்’ என்ற இணையதளம் தொடங்கியது. தேடுவதற்குக் கட்டணம் இல்லை. வெளிநாட்டில் வேலை பார்த்து இறந்தவரின் பாக்கித் தொகை என்றால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தையும் இங்கே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தையும் கேளுங்கள்.

விதை அட்டை போலப் பாருங்கள்

சான்று விதை வாங்கும்போது மூட்டையில் நீல அட்டை இருக்கிறதா என்று பார்க்கிறோம். சந்தேகம் வந்தால் விற்கிற கடைக்காரரிடமா கேட்கிறோம்? விதை ஆய்வாளரிடம் கேட்கிறோம். மெயிலுக்கும் அதே வழிதான். அதில் உள்ள போன் நம்பரில் பேசினால் மோசடிக்காரரேதான் எடுப்பார். சந்தேகம் இருந்தால் உங்கள் வங்கிக் கிளைக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

இந்த அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் ஒதுங்கிவிடுங்கள்:

• ‘யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்பது.
• ‘இன்று மாலைக்குள்’ என்று அவசரப்படுத்துவது.
• தனிநபர் கணக்குக்குப் பணம் கட்டச் சொல்வது.
• ஆதார், பாஸ்புக் நகல், ஓ.டி.பி. கேட்பது.
• பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. பின் போடச் சொல்வது. பணம் அனுப்பத்தான் பின் தேவை; வாங்கத் தேவையில்லை.

பி.எம். கிசான் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பையும் தொடாதீர்கள். அதை நிறுவினால் உங்கள் எஸ்.எம்.எஸ். எல்லாம் அவர்கள் கைக்குப் போகும், ஓ.டி.பி.யும் சேர்ந்தே போகும்.

பணம் போய்விட்டால்

உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். திருச்சி மாநகருக்கும் மாவட்டத்துக்கும் சைபர் குற்றக் காவல் நிலையங்கள் இருக்கின்றன. உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் சொன்னால்தான் முடக்க முடியும். நேரம் போகப் போக வாய்ப்பு குறையும். மெயில், மெசேஜ், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள். அவைதான் ஆதாரம்.

வீட்டில் திட்டுவார்களே என்று பலர் இரண்டு நாள், மூன்று நாள் மறைத்துவிடுகிறார்கள். மோசடிக்காரருக்கு அந்த மௌனம்தான் லாபம். ஆகவே வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை: யாராவது வந்து ‘ஏமாந்துவிட்டேன்’ என்று சொன்னால் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

கூடுதலாக இரண்டு கேள்விகள்

*இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சிலர் போன் செய்கிறார்கள். நம்பலாமா?*
அதற்கும் கட்டணம் கேட்டால் அது இரண்டாவது மோசடி. ஏற்கெனவே ஏமாந்தவர்களின் நம்பர் அவர்களிடம் இருக்கிறது.

*என் வங்கிக் கணக்கைப் பயன்படுத்தக் கொடுத்தால் கமிஷன் தருகிறார்களாம். கொடுக்கலாமா?*
கூடாது. திருட்டுப் பணம் அந்தக் கணக்கு வழியாகத்தான் போகும். கணக்கு முடக்கப்படும், அரசு மானியமும் பயிர் இழப்பீடும் அதிலேயே சிக்கிக்கொள்ளும். போலீஸ் முதலில் வருவதும் உங்கள் வாசலுக்குத்தான்.