அரை மணி நேரம் முன்னாடி கேட் திறக்க எவ்வளவு கொடுக்கலாம்? ஒரு டிஸ்னி வேர்ல்டு கணக்கு

இந்த வாரம் எஸ்ஐபி, டெர்ம் இன்ஷூரன்ஸ் எதுவும் இல்லை. ஒரு டூர் கணக்கு.

நியூ ஜெர்சியில் ஐடி வேலையில் இருக்கும் என் சித்தி பையன் போன மாதம் போன் செய்தான். பாளையங்கோட்டையில் இருந்து சித்தியும் சித்தப்பாவும் ஆறு மாத விசிட்டுக்கு வந்திருக்கிறார்கள். இன்னொரு தடவை அவ்வளவு தூரம் ஃபிளைட்டில் உட்கார சித்தியின் முட்டி விடாது. அதனால அக்டோபரில் அவர்களையும், மனைவியையும், நாலு வயசு மகளையும் கூட்டிக்கொண்டு ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டு போகணும். மூணு இரவு, மூணு நாள் பார்க்.

"அண்ணா, டீலக்ஸ் ரிசார்ட் போடலாம்னு இருக்கேன். காலையில எல்லாருக்கும் முன்னாடி உள்ள விடுவாங்க, ராத்திரி எல்லாரும் போன பிறகு ரெண்டு மணி நேரம் நமக்குன்னு திறந்து வைப்பாங்க. கொஞ்சம் ஜாஸ்திதான். எமர்ஜென்சி ஃபண்டுல இருந்து எடுத்துட்டு அப்புறம் போட்டுக்கலாம்."

கடைசி வரியைக் கேட்டதும் நான் எக்செல் திறந்துட்டேன். ஹெச்-1பி விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் அடுத்த ஸ்பான்சரைத் தேட அதிகபட்சம் 60 நாள். அவன் வேலை பார்க்கிற டீமில் இந்த வருஷமே ரெண்டு பேரை அனுப்பிட்டாங்க. அந்த ஃபண்டைத் தொடுவதற்கு முன் எதை வாங்குகிறோம் என்று தெரிய வேண்டாமா?

முதலில் இந்தச் சலுகை என்னன்னு பார்த்துடலாம். முன்பு 'எக்ஸ்ட்ரா மேஜிக் ஹவர்ஸ்' என்று ஒன்று இருந்தது. 2021 அக்டோபரில் இருந்து அது ரெண்டாகப் பிரிந்துவிட்டது. காலை: டிஸ்னி ரிசார்ட் ஹோட்டலில் தங்கும் எல்லோருக்கும், தினமும், நாலு பார்க்கிலும், அரை மணி நேரம் முன்னதாக அனுமதி. ஆல்-ஸ்டார், பாப் செஞ்சுரி மாதிரி மலிவான 'வேல்யூ' ஹோட்டலில் இருந்தாலும் கிடைக்கும். இரவு: பார்க் மூடிய பிறகு ரெண்டு மணி நேரம். இது டீலக்ஸ் ரிசார்ட், டீலக்ஸ் வில்லா, இன்னும் சில குறிப்பிட்ட ஹோட்டல்களில் தங்குபவர்களுக்கு மட்டும். அதுவும் தினமும் இல்லை. சில இரவுகள், வழக்கமாக மேஜிக் கிங்டமிலும் எப்காட்டிலும்தான்.

அப்படின்னா காலை அரை மணிக்காக டீலக்ஸுக்குப் போக வேண்டியதே இல்லை. தம்பிக்கு இது தெரியாது. ரெண்டும் ஒரே பேக்கேஜ் என்று நினைச்சிருந்தான்.

இப்ப அவன் அனுப்பின ஸ்க்ரீன்ஷாட் எண்கள், டேக்ஸ் சேர்த்து. (ஆரஞ்சு கவுன்டியில் ஹோட்டல் டேக்ஸ் மட்டும் 12.5 சதவீதம். முதல் பக்கத்தில் காட்டுற ரேட்டைப் பார்த்து சந்தோஷப்படாதீங்க.) அஞ்சு பேர் தங்கும் டீலக்ஸ் அறை இரவுக்கு 700 டாலர். வேல்யூவில் ரெண்டு அறை, சேர்த்து 400. வெளியே, சமையலறையோடு ரெண்டு பெட்ரூம் சூட் 210.

வெளி ஹோட்டல் மூணு இரவுக்கு 630. அதோடு வாடகைக் கார் 180, பார்க்கிங் நாளுக்கு 30 வீதம் 90. மொத்தம் 900. வேல்யூ 1,200, கார் வேண்டாம், உள்ளே பஸ் இலவசம், ஏர்போர்ட் வண்டிக்கு மட்டும் 120. மொத்தம் 1,320. டீலக்ஸ் அதே வண்டிச் செலவோடு 2,220.

வெளி ஹோட்டலுக்கும் வேல்யூவுக்கும் வித்தியாசம் 420 டாலர். மூணு காலை, அஞ்சு பேர். ஒரு காலைக்கு ஒருத்தருக்கு 28 டாலர்.

அரை மணி நேரத்துக்கு 28 டாலரா என்று கேட்கலாம். வாங்குவது அரை மணி நேரம் இல்லை, வரிசையில் முதல் இடம். மேஜிக் கிங்டமில் செவன் ட்வார்ஃப்ஸ் மைன் டிரெயினுக்கு மதியம் போனால் ஒரு மணி நேரம் நிற்பது சகஜம். முன் அனுமதியில் போனால் பத்து இருபது நிமிஷத்தில் ஏறிடலாம். அங்கிருந்து பீட்டர் பான். பார்க் அதிகாரபூர்வமாகத் திறக்கும்போது ரெண்டு முடிஞ்சிருக்கும். வெளி ஹோட்டல்காரர் அதே நேரம் ஓடி வந்து அதே வரிசையின் வாலில் நிற்பார்.

ஒரு நிபந்தனை: அரை மணி முன்னாடி திறந்தால், அதற்கும் அரை மணி முன்னாடி கேட்டில் நிற்கணும். ஒன்பது மணிக்குத் திறக்கிற பார்க்குக்கு எட்டு மணிக்கு அங்கே இருக்கணும். எழுந்திருக்க முடியாதவர்கள் இந்தச் சலுகைக்குக் காசு கொடுப்பது, போகாத ஜிம்முக்கு வருஷ மெம்பர்ஷிப் எடுக்கிற மாதிரி. சித்தப்பா எங்கே இருந்தாலும் நாலரைக்கு எழுந்து வாக்கிங் போகிற ஆள். இந்தக் குடும்பத்தில் காலை நேரத்துக்கு அலாரம் செலவு கிடையாது!

இந்தியாவில் இருந்து நேராகப் போகிறவர்களுக்கும் இதே கதைதான், வேறு காரணத்தால். அக்டோபரில் ஆர்லாண்டோ நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால். முதல் ரெண்டு மூணு நாள் விடிகாலை மூணு மணிக்கே முழிப்பு வந்துடும், சாயங்காலம் ஏழு மணிக்குக் கண் சொக்கும். ஜெட் லாகில் இருக்கும்போது இரவு நீட்டிப்புக்குப் பணம் கட்டினால் அது வீண். பார்க் நாட்களை டிரிப்பின் ஆரம்பத்தில் வைத்து, காலை அனுமதியை முழுசா பயன்படுத்துங்க.

சரி, இரவு ரெண்டு மணி நேரம். வேல்யூவில் இருந்து டீலக்ஸுக்குப் போக கூடுதல் 900 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தால் 81,000 ரூபாய். அவர்கள் போகும் மூணு நாளில் நீட்டிப்பு இரவு விழுவது ஒன்றே ஒன்று. 120 நிமிஷத்துக்கு 900 டாலர், நிமிஷத்துக்கு ஏழரை டாலர், அதாவது 675 ரூபாய்.

அதையும் யார் அனுபவிக்கப் போறாங்க? பாப்பா எட்டரைக்குத் தூங்கிடுவா. முட்டி வலியோடு சித்தி அந்நேரம் வரைக்கும் நிற்க மாட்டாங்க, சித்தப்பா அவங்களைத் தனியா விட மாட்டார். மிச்சம் தம்பியும் அவன் மனைவியும். உயரக் கட்டுப்பாட்டையும் பார்க்கணும்: ஸ்பேஸ் மவுன்டனுக்கு 44 அங்குலம் வேணும், பாப்பா 40 அங்குலம்.

ரெண்டு பேருக்கு மட்டும் இரவு வேணும் என்றால் 'ஆஃப்டர் ஹவர்ஸ்' என்று தனி டிக்கெட்டே விற்கிறார்கள். மேஜிக் கிங்டமில் தலைக்கு 150 டாலருக்கு மேல் ஆகும். ஆனால் பார்க் மூடிய பிறகு மூணு மணி நேரம், சாயங்காலம் ஏழு மணிக்கே உள்ளே போகலாம், அன்றைக்குப் பகல் டிக்கெட் தேவையில்லை. தங்குவது எந்த ஹோட்டலாக இருந்தாலும் சரி. வருஷம் முழுக்க நடக்காது, தேதி பார்க்கணும். அக்டோபரில் மேஜிக் கிங்டமில் அதற்குப் பதில் ஹாலோவீன் பார்ட்டி.

டீலக்ஸே வேஸ்ட் என்று சொல்லவில்லை. கல்யாணமாகி ரெண்டு வருஷம், குழந்தை இல்லை, நாலு இரவு தங்கி மேஜிக் கிங்டம், எப்காட் ரெண்டு நீட்டிப்பு இரவும் கிடைக்கிற மாதிரி தேதி அமைச்சுக்கிறவங்களுக்குக் கணக்கு வேற மாதிரி வரும். மேரியட் பாயின்ட் சேர்த்து வைத்திருப்பவர்கள் ஸ்வான், டால்ஃபின் ஹோட்டல்களைப் பாருங்க. அவை மேரியட் ஹோட்டல்கள், பாயின்டில் தங்கலாம், காலை இரவு ரெண்டு சலுகையும் உண்டு. ஆனால் அங்கே ரிசார்ட் ஃபீ தனி, டிஸ்னியின் சொந்த ஹோட்டல்களில் அது கிடையாது. டிஸ்னி ஸ்பிரிங்ஸ் பக்கம் இருக்கிற சில வெளி ஹோட்டல்களுக்கும் காலை அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அது காலக்கெடுவோடு நீட்டிக்கப்படுகிற ஏற்பாடு. நீங்கள் போகும் தேதிக்குச் செல்லுமா என்று புக் செய்யும் முன் பார்த்துக்கோங்க.

வெளியே தங்கினால் ஒரு வழி இருக்கு. மேஜிக் கிங்டமில் முன் அனுமதியின்போது ஃபேன்டஸிலேண்ட், டுமாரோலேண்ட் மட்டும்தான் திறந்திருக்கும். அட்வெஞ்சர்லேண்ட் பக்கம் அதிகாரபூர்வ நேரத்துக்குத்தான் திறக்கும். அதனால் அந்த ஓட்டத்தில் சேராமல் நேராக ஜங்கிள் குரூஸ், பைரேட்ஸ், ஹான்டட் மேன்ஷன் என்று போங்க. அங்கே எல்லோருக்கும் ஒரே ஸ்டார்ட். இன்னொன்று, மூடும் நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடி வரிசையில் நின்றுவிட்டாலும் ஏற்றிவிடுவார்கள். இதற்கு எந்த ஹோட்டலும் வேண்டாம்.

இப்ப என் ஃபேவரைட் கணக்கு, இரவுகளின் எண்ணிக்கை. காலை அனுமதி செக்-இன் நாளுக்கும் உண்டு, செக்-அவுட் நாளுக்கும் உண்டு. ரெண்டு இரவு தங்கினால் மூணு காலை. தம்பி முதல் நாள் ராத்திரி போய் இறங்குகிறான். அந்த இரவுக்கு 400 டாலர் கொடுப்பது வெறும் தூக்கத்துக்கு. ஏர்போர்ட் பக்கம் ரெண்டு சாதாரண அறையில் படுத்துவிட்டு, காலையில் டிஸ்னி ஹோட்டலில் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு நேரே பார்க்குக்குப் போகலாம். வண்டிச் செலவு போக 160 டாலர் மிச்சம். தம்பி ஒத்துக்கவில்லை: "நாலு பெட்டி, ஒரு தூங்குற குழந்தை, அம்மா முட்டி. விடுங்கண்ணா." அவன் சொன்னது சரிதான். நண்பர்கள் கும்பலாகப் போகிறவர்கள் தாராளமாகச் செய்யலாம்.

இதே செக்-இன், செக்-அவுட் கணக்கு பக்கத்து யுனிவர்சலில் இன்னும் பலமா வேலை செய்யும். அங்கே போர்டோஃபினோ பே, ஹார்ட் ராக், ராயல் பசிபிக் மூணு ஹோட்டலிலும் தங்குபவர்களுக்கு, வரிசை தாண்டும் 'எக்ஸ்பிரஸ் அன்லிமிடெட்' பாஸ் அறையில் பதிவான எல்லோருக்கும் சேர்ந்தே வரும், வந்த நாளும் போகிற நாளும். ஒரு இரவு தங்கினால் ரெண்டு நாள் பாஸ். நாலு பேர் அந்தப் பாஸைத் தனியாக வாங்கும் விலையோடு அறை வாடகையை ஒப்பிட்டால் பல தேதிகளில் அறையே மலிவாக வரும். ஆனால் 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸுக்கு இந்தப் பாஸ் செல்லாது. வெறும் காலை முன் அனுமதி போதும் என்றால் யுனிவர்சலின் மலிவு ஹோட்டல்களிலும் கிடைக்கும். எந்த பார்க்கில் என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

எங்கே போனாலும் ஒரு விஷயம். ஹோட்டல் புக்கிங்கில் அஞ்சு பேர் பெயரும் இருக்கணும், ஆப்பில் ஒவ்வொருவர் டிக்கெட்டும் இணைஞ்சிருக்கணும். நான் ஒரு டிரிப்பில் (எந்த ஊர் என்று கேட்காதீங்க) அம்மா பெயரைச் சேர்க்க மறந்து, கேட்டில் ஆப்பைத் தட்டிக்கொண்டே முழு அரை மணியையும் கழித்தேன். சிஏ படிச்சு என்ன புண்ணியம்னு அன்னைக்கு வீட்டில கேட்டாங்க.

இந்தியாவில் இருப்பவர்கள் கேட்கப்போகும் ரெண்டு கேள்வி. எல்டிஏ-வில் கிளெய்ம் பண்ணலாமா? முடியாது, அது இந்தியாவுக்குள் செய்யும் பயணத்துக்கு மட்டும். டூர் ஆபரேட்டரிடம் பேக்கேஜாக வாங்கினால் பிடிக்கிற டிசிஎஸ்? அது செலவில்லை, உங்கள் பான் நம்பரில் வரவாகும். ஆபீஸ் பேரோலில் தெரிவித்தால் சம்பள டிடிஎஸ்ஸில் சரிசெய்துகொள்ளலாம், இல்லை என்றால் ரிட்டர்னில் எடுத்துக்கலாம்.

தம்பியிடம் எல்லாம் சொல்லி முடிச்சதும், "சித்தப்பாவுக்கு அங்க என்ன பார்க்கணும்னு கேட்டியா?" என்றேன். கேட்கவே இல்லை. போனை அவரிடம் கொடுத்தான். "ஏதோ கோட்டை மேல பட்டாசு விடுவாங்களாமே, அதைப் பார்த்தா போதும்பா."

அந்த வாணவேடிக்கை சாதாரண நேரத்திலேயே நடக்கும். எந்த ஹோட்டலில் இருந்தாலும், பார்க் டிக்கெட் இருந்தால் போதும். ஆனால் அக்டோபரில் ஒரு சிக்கல். ஹாலோவீன் பார்ட்டி நாட்களில் மேஜிக் கிங்டமில் சாதாரண டிக்கெட்காரர்களுக்கு ஆறு மணியோடு சரி. பகலில் கூட்டம் குறையும் என்று தெரிந்தவர்கள் அந்த நாளைத் தேடிப் போவார்கள். தம்பியும் அப்படி ஒரு நாளைத்தான் குறிச்சு வைத்திருந்தான். அன்னைக்குப் போயிருந்தால் டீலக்ஸ் அறையும் இருந்திருக்கும், சித்தப்பா பட்டாசு பார்க்காமல் திரும்பியும் வந்திருப்பார்.

மேஜிக் கிங்டமைப் பார்ட்டி இல்லாத நாளுக்கு மாற்றினோம். ஹோட்டல் பாப் செஞ்சுரி. அங்கிருந்து ஹாலிவுட் ஸ்டுடியோஸுக்கும் எப்காட்டுக்கும் ஸ்கைலைனர் கேபிள் வண்டி இருக்கு, சித்திக்கு பஸ் ஏறி இறங்கும் வேலை கம்மி. மூணு நாளும் ஒரே டைம்டேபிள்: எட்டு மணிக்கு கேட்டில், மதியம் ஒரு மணிக்கு அறைக்குத் திரும்பி நாலரை வரைக்கும் தூக்கம், சாயங்காலம் மறுபடி. பட்டாசு இருக்கிற நாள் மட்டும் பாப்பா மதியம் கட்டாயம் தூங்கணும், இல்லைன்னா கோட்டைக்கு எதிரில் அழுவா. எமர்ஜென்சி ஃபண்ட் இருந்த இடத்திலேயே இருக்கு.

போனை வைக்கும்போது சித்தி வாங்கிக் கேட்டாங்க: "தம்பி, உள்ள தயிர்சாதம் கொண்டுபோக விடுவாங்களா?" விடுவாங்க சித்தி. கண்ணாடி பாட்டில் மட்டும் கூடாது, ஊறுகாயை பிளாஸ்டிக் டப்பாவுல மாத்திக்கோங்க.