சக்கரமும் விளக்கும் ஒரே கையில்

"பஸ் வந்துவிட்டதா?" "கரண்ட் வந்துவிட்டதா?"

மதுரைச் சீமைத் தொழிலாளியின் வீட்டில் ஒரு நாளைக்கு அதிகமாகக் கேட்கப்படும் கேள்விகள் எவை என்று கணக்கெடுத்தால், இந்த இரண்டும்தான் முன்வரிசையில் வந்து நிற்கும். மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் விடியுமுன் தூக்குச்சட்டியோடு புறப்பட்டு நகரத்துக்கு வேலைக்கு வருகிறவனுக்கு முதல் கேள்வி உயிர். பம்புசெட்டை நம்பி நெல்லும் மல்லிகையும் போட்டவனுக்கு, லேத்தையும் தறியையும் நம்பிப் பிழைக்கிறவனுக்கு, இரண்டாவது கேள்வி உயிர். பஸ் தவறினால் அரை நாள் கூலி போயிற்று. கரண்ட் போனால் முழு நாள் கூலியே போயிற்று.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் ஒரே மந்திரி என்றால்?

2025 ஏப்ரலில் அதுதான் நடந்தது. வி.செந்தில்பாலாஜி அமைச்சர் பதவியிலிருந்து விலகியதும், போக்குவரத்துத் துறையைக் கவனித்து வந்த சா.சி.சிவசங்கரிடம் மின்சாரத் துறையும் ஒப்படைக்கப்பட்டது. இரண்டு துறை கிடைத்தது என்று மாலை போடுவோர் போடட்டும். இத்தனை பாரத்தை ஒருவர் தோளிலா என்று அனுதாபப்படுவோர் அனுதாபப்படட்டும். ஆனால், அந்த நாற்காலியில் இன்று ஒருவர், நாளை ஒருவர் அமரலாம். ஆட்கள் மாறுவர், துறை இருக்கும். அந்தத் துறையின் பொறுப்பு என்ன, அதை நாம் எப்படி அளப்பது என்பதுதான் தொழிலாளி தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி.

பழைய கதை ஒன்று

ஒரு கையில் இரண்டு துறை என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 1957-ஆம் ஆண்டு காமராசர் மீண்டும் அமைச்சரவை அமைத்தபோது, நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகியிருந்த ஆர்.வெங்கட்ராமனைச் சென்னைக்கு அழைத்துக்கொண்டார். 1967 வரை அவர் மாநில மந்திரி. தொழில், தொழிலாளர், கூட்டுறவு, மின்சாரம், போக்குவரத்து, வணிகவரி ஆகியவை அந்தக் காலத்தில் அவர் பார்த்த துறைகள். பின்னாளில், 1987-இல், நாட்டின் குடியரசுத் தலைவரானவரும் அவரே.

அந்தப் பட்டியலை இன்னொரு முறை படித்துப் பாருங்கள், தோழர்களே! மின்சாரமும் போக்குவரத்தும் மட்டுமா இருக்கின்றன? தொழிலாளர் துறையும் அங்கேதான் இருக்கிறது. பஸ் ஓடுகிற பாதைக்கும், அந்த பஸ்ஸை ஓட்டுகிறவனின் வேலை நேரத்துக்கும் பதில் சொல்ல வேண்டிய வாய் ஒன்றாக இருந்தது. மோட்டார்த் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி வேலை என்று மத்திய சர்க்கார் சட்டம் செய்ததும் அந்தக் காலத்தில்தான், 1961-இல். கொள்கையில் அவரோடு முரண்பட்டவர் உண்டு. ஆனால், "அது என் துறை இல்லை" என்று நழுவுவதற்கு அவருக்கு வழி குறைவு என்பதை எவரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1957 ஜூலை முதல் நாள் மாநில மின்சார வாரியம் பிறந்தது. மறு ஆண்டு, நம் தென்பாண்டிச் சீமைக்கு மிக நெருங்கிய ஒரு காரியம் நடந்தது. 1895-இல் பென்னிகுயிக் முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த வழியாக இந்தப் பக்கம் இறங்கி வருகிறதல்லவா? அறுபது ஆண்டுக்கும் மேலாக வயலுக்கு மட்டுமே பயன்பட்ட அந்தத் தண்ணீரைக் குழாயில் இறக்கி, கூடலூருக்கு அப்பால் லோயர் கேம்ப்பில் சக்கரம் சுழல வைத்தார்கள். 1958 முதல் அங்கே மின்சாரம் பிறந்தது. சக்கரத்தைச் சுற்றிய தண்ணீர் வீணாகவில்லை. கம்பம் பள்ளத்தாக்கை நனைத்து, 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தங்கி, மேலூர்க் கால்வாய் வரை வந்து நெல்லாயிற்று. ஒரே தண்ணீர், விளக்கும் அதுவே, சோறும் அதுவே!

ஆனால், மழை பொய்த்தால்? அணை வற்றினால் ஆலையும் நின்றது. தண்ணீரை மட்டும் நம்பி நாடு வாழ முடியாது என்பதால்தான், 1962-இல் நெய்வேலி அனல் மின்சாரம் வந்தது. மின்சார மந்திரியின் முதற்பொறுப்பு அங்கே விளங்கிவிட்டது: இன்று எரிகிற விளக்கைப் பார்ப்பது மட்டும் அவர் வேலையன்று, பத்தாண்டுக்குப் பிறகு எரிய வேண்டிய விளக்குக்கு இன்றே எண்ணெய் தேட வேண்டும்.

முதலாளி வண்டியும் சர்க்கார் வண்டியும்

அன்று மதுரையில் பஸ் என்றால் டி.வி.எஸ். வண்டி வரும் நேரத்தைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பஞ்சம் வந்தபோது, கரியை எரித்து அதன் வாயுவில் வண்டியை ஓட்டும் கருவியைச் செய்து காட்டியதும் அந்தக் கம்பெனிதான். திறமையை மறைக்க வேண்டியதில்லை. எரிபொருள் இல்லையேல் சக்கரம் இல்லை என்ற பாடத்தை மதுரை எண்பது ஆண்டுக்கு முன்பே படித்துவிட்டது.

ஆனால், தனியார் கணக்கு வேறு. கூட்டம் ஏறும் பாதைக்கு வண்டி வரும். பத்துப் பேர் மட்டும் நிற்கும் கரிசல் காட்டு முக்குக்கு வராது. அங்கே நிற்கிறவனுக்கும் கூலி வேலை உண்டு, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு, தாய்க்குப் பெரியாஸ்பத்திரி உண்டு என்பது லாபக் கணக்கில் ஏறாது. அதனால்தான் 1967-க்குப் பின் பஸ்களை நாட்டுடைமையாக்கும் வேலை வேகம் பிடித்தது. பெரிய பஸ் முதலாளிகளின் வண்டிகளை எடுத்துக்கொள்ள 1971-இல் சட்டம் வந்தது. 1972-இல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. சென்னையில் பல்லவன், கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன் என்று மூவேந்தரும் பல்லவரும் சாலைக்கு வந்தார்கள்! 1997-இல் ஒரு கழகத்தின் பெயரை வைத்துத் தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டு, எல்லாப் பெயர்களையும் சர்க்கார் எடுத்துவிட்டு, தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஒரே பெயர் வைத்தது. பலகையில் பெயர் போயிற்று; ஆனால் பஸ் போகாத ஊர் இல்லை என்று தமிழ்நாட்டைப் பார்த்து மற்ற மாநிலத்தார் சொல்லும் நிலையை அந்த வண்டிகளே உண்டாக்கின.

நட்டம் யார் கணக்கில்?

இனி இன்றைய வழக்குக்கு வருவோம். பஸ் நட்டம், மின்சாரம் நட்டம். மின்வாரியத்தின் கடன் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. கோட்டையிலிருந்து பட்டணத்துப் பத்திரிகை வரை பாடுகிற பல்லவி இது.

ஏன் நட்டம் என்று கேட்க வேண்டாமா? 1970-இல் விவசாயிக்கு யூனிட்டுக்கு 8 காசு 10 காசாக உயர்ந்தபோது, கொங்கு நாட்டு உழவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். பெருமாநல்லூரில் துப்பாக்கி வெடித்து மூன்று உயிர் போனது. அதன் பிறகு ஒரு காசு குறைந்தது. 1984-இல் சிறு விவசாயிக்கும், 1990-இல் எல்லா விவசாயிக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பூக்கட்டும் பெண்ணும், கொத்து வேலைக்குப் போகும் சித்தாளும் மாதத்தில் மிச்சப்படுத்தும் அந்தப் பணம் அடுப்படிக்குப் போகிறது, பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்குப் போகிறது. இதையா நட்டம் என்று எழுதுவது? உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். அதற்காக உழவை நிறுத்திவிட்டோமா?

ஆனால் இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது. சலுகையை அறிவிக்கிறவர் அதற்கான பணத்தையும் நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். சர்க்கார் கொடுக்க வேண்டியது கழகத்துக்குக் காலத்தில் வராவிட்டால், கழகம் எங்கே கை நீட்டும்? பழைய வண்டியைப் பழுது பார்க்காமல் ஓட்டும்; காலி இடத்துக்கு ஆள் எடுக்காமல் இருக்கிறவனை இரட்டை வேலை வாங்கும்; ஓய்வு பெற்றவனின் பணத்தை நிறுத்தி வைக்கும். 2018 ஜனவரியில் ஒரு வாரம் தமிழ்நாடு முழுவதும் சர்க்கார் பஸ் நின்றதே, 2024 ஜனவரியில் மீண்டும் வேலைநிறுத்தம் வந்ததே, ஏன்? ஊதிய ஒப்பந்தம், ஓய்வூதியர் நிலுவை, அகவிலைப்படி! முப்பது ஆண்டு ஸ்டியரிங் பிடித்த கை, தன் பணத்துக்காக மனுப் பிடித்து நிற்கிறது. பெண்களின் இலவசப் பயணத்தை அந்தக் கிழவரின் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதென்றால், அதற்குப் பெயர் சமதர்மமா?

மின்சாரத்தின் கணக்கும் அப்படியே. 2008 முதல் ஐந்தாறு ஆண்டு நாம் பட்ட பாட்டை மறந்துவிட முடியுமா? 2012-இல் சென்னைக்கு இரண்டு மணி நேர வெட்டு. மதுரைக்கும் சுற்றுப்புறக் கிராமத்துக்கும் பத்து மணிக்கு மேல்! தறி நின்றது, பட்டறை நின்றது. பள்ளிப் பிள்ளை சிம்னி விளக்கில் படித்தது. தட்டுப்பாடு வந்தது ஒரு குற்றமென்றால், அதைத் தலைநகருக்கு ஓர் அளவு, மதுரைக்கு ஓர் அளவு என்று பங்கிட்டது இன்னொரு குற்றம். பங்கீட்டில் நீதி என்பது மின்சார மந்திரியின் இரண்டாவது பொறுப்பு.

இரண்டு துறையும் சந்திக்கும் இடம்

இப்போது இரண்டு துறையும் ஒரே வண்டியில் ஏறி வருகின்றன. 2025 ஜூன் 30-ஆம் நாள் சென்னை வியாசர்பாடியில் 120 மின்பேருந்துகள் புறப்பட்டன. 2025–26 வரவு செலவுத் திட்டத்தில் மதுரைக்கும் 100 மின்பேருந்து என்று அறிவித்தார்கள். புகை இல்லை, சத்தம் இல்லை, தாழ்ந்த படி. முதியவரும் ஊனமுற்றவரும் எளிதில் ஏறலாம். வரவேற்போம், மனமாரத்தான் வரவேற்போம்!

வரவேற்றுவிட்டு மூன்று கேள்வி கேட்போம்.

முதல் கேள்வி: ஸ்டியரிங் யார் கையில்? சென்னையில் அந்த வண்டிகள் ஒப்பந்தக் கம்பெனியின் வண்டிகள். டிரைவர் கம்பெனியின் ஆள், கண்டக்டர் மட்டும் கழகத்தின் ஆள். வண்டியின் விலை அதிகம், மொத்தப் பணம் போட வழியில்லை, ஓடும் கிலோமீட்டருக்குக் கூலி கொடுப்பதே சிக்கனம் என்று சர்க்கார் தரப்பில் சொல்கிறார்கள். அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் 1972-இல் முதலாளியிடமிருந்து வாங்கிய சக்கரம், பேட்டரி மாட்டிக்கொண்டு மறுபடி அவரிடமே போகிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. அந்த டிரைவருக்கும் அதே எட்டு மணி நேரம், அதே வைப்பு நிதி, அதே சங்க உரிமை உண்டு என்று மந்திரி எழுதிக் கொடுக்கட்டும்.

இரண்டாவது கேள்வி: அந்த வண்டிக்குக் கரண்ட் எப்போது, என்ன விலைக்கு? கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் பகலில் கொட்டிக் கொடுக்கும். பொழுது சாய்ந்தால் ஓய்ந்துவிடும். காற்றாலை ஆடிக்காற்றில் சுழலும், மார்கழியில் தூங்கும். சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்திலேயே டெப்போவில் நூறு வண்டியும் கரண்டுக்கு வாய் திறந்தால், மின்வாரியம் வெளியே அதிக விலைக்கு வாங்க நேரும். இதற்கு நேரம் வகுத்து, தனி மின்பாதை போட்டு, நியாயமான விலை நிர்ணயிப்பது யார்? பஸ் துறையும் மின்துறையும் கூடி உட்கார வேண்டிய வேலை இது. இரண்டும் ஒரே கையில் இருந்தால், காகிதம் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு நடக்கிற நேரம் மிச்சம்.

மூன்றாவது கேள்வி: கரிசல் காட்டு முக்கில் நிற்கிறவனுக்கு என்ன? நூறு புது வண்டியும் மாட்டுத்தாவணிக்கும் பெரியார் நிலையத்துக்கும் இடையே மட்டும் மின்னிக்கொண்டு ஓடினால் போதுமா? பேரையூர்ப் பக்கத்துக் கடைசி டிரிப்புக்கு அதே ஓட்டை வண்டிதானா?

இந்த மூன்றையும் மந்திரி ஊருக்கு வரும்போது மட்டும் கேட்டால் போதாது, தோழர்களே. கிளைக் கூட்டத்தில் பேசுங்கள். டெப்போ வாசலில் டிரைவரிடமும், கம்பத்தில் ஏறும் ஒப்பந்த மின் தொழிலாளியிடமும் உட்கார்ந்து விவரம் கேளுங்கள். உங்கள் ஊருக்கு எத்தனை டிரிப், எத்தனை நாள் வரவில்லை, எத்தனை மணி கரண்ட் போயிற்று என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தேதி போட்ட கணக்குக்கு முன்னால் மேடைப் பேச்சு நிற்காது.

நம் கட்சி ஆள் மந்திரியானாலும் அந்த நோட்டை நீட்டுங்கள். மாற்றுக் கட்சி ஆள் மந்திரியானாலும் அதே நோட்டை நீட்டுங்கள். பஸ் வந்ததா, கரண்ட் வந்ததா என்று கேட்கிறவனின் வீட்டில் இரண்டும் வந்து சேர்ந்தால், அந்த மந்திரி பொறுப்பை நிறைவேற்றினார். சேராவிட்டால், அவர் கையில் இரண்டு துறை இருந்தால் என்ன, இருபது துறை இருந்தால் என்ன?