வீட்டுக் கணினிக்கும் ஒரு எமர்ஜென்சி பட்டன்

காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், லாக்கரில் இருந்து எடுத்த போனைப் பார்க்க முடிகிறது. செய்யாறிலிருந்து அப்பாவின் மூன்று மிஸ்டு கால். “கம்ப்யூட்டர்ல என்னமோ கேக்குதுப்பா, ஓகே குடுக்கட்டுமா?” “நீங்க எதையும் தொடாதீங்கப்பா, ரூமுக்குப் போய் நான் பாத்துக்கறேன்.”

ஒரகடம், சுங்குவார்சத்திரம், படப்பை பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பலருக்கு இது பழகிய பேச்சு. ஊரிலிருக்கும் கணினியை இங்கிருந்தே இயக்க ‘எனிடெஸ்க்’, ‘டீம்வியூவர்’, ‘குரோம் ரிமோட் டெஸ்க்டாப்’ என்று வழிகள் இருக்கின்றன. எது வேகம், எது இலவசம் என்று பார்க்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: வீட்டில் இருப்பவரால் இதை உடனே நிறுத்த முடியுமா?

எதைத் தேர்ந்தெடுப்பது?

கணினி முன்னால் ஆள் இருந்தால், ஒவ்வொரு முறையும் புது எண் கேட்கும் முறையே நல்லது. குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பில் திரையைப் பகிர 12 இலக்க எண் வரும். அது ஒரு முறைக்குத்தான் செல்லும். இடையிடையே ‘தொடரலாமா?’ என்றும் கேட்கும். தொல்லையாகத் தெரியும் அந்தக் கேள்விதான் அப்பாவின் கையில் இருக்கும் பிடி.

ஆளில்லாத வீட்டுக் கணினிக்கு நிரந்தர அனுமதி தேவைப்படலாம். அப்படியானால் வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட பாஸ்வேர்டும் இரட்டைச் சரிபார்ப்பும் கட்டாயம். விண்டோஸிலேயே இருக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை ஹோம் பதிப்புக் கணினியில் வெளியிலிருந்து திறக்க முடியாது. புரோ பதிப்பு வேண்டும். அதற்காக ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்துவிடச் சொன்னால் கேட்காதீர்கள். திறந்த போர்ட்டைத் தேடிப்பிடித்து பாஸ்வேர்டு போட்டுப் பார்க்கும் நிரல்கள் இணையத்தில் ஓயாமல் சுற்றுகின்றன. செயலியை அவ்வப்போது அப்டேட் செய்வதும் முக்கியம். 2024 பிப்ரவரியில் எனிடெஸ்க் நிறுவனமே தன் சர்வர்களுக்குள் ஊடுருவல் நடந்ததாக அறிவித்தது.

அதே செயலி, வேறு கை

எனிடெஸ்க் வழியாக நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. போனில் பேசுபவர் செயலியை இறக்கச் சொல்வார். திரையில் தோன்றும் எண்ணைக் கேட்பார். அவர் கேட்கும் அனுமதிகளையும் கொடுத்துவிட்டால் போன் அவர் வசம். ‘கேஒய்சி முடியவில்லை’, ‘இன்றிரவு கரன்ட் கட்’ என்று மிரட்டல் மாறும், வழி அதேதான். பேங்க் ஓடிபி வரும் போனில் இத்தகைய செயலியே வேண்டாம். திரை பகிரப்படும்போது ஓடிபியும் சேர்ந்தே தெரியும்.

வீட்டுக்கு ஒரே விதி போதும்: நாம் கூப்பிட்டால்தான் நம்பர். “உங்க பையன்தான் பேசச் சொன்னார்” என்றாலும் கிடையாது.

பணம் போய்விட்டால்

முதலில் நெட்டைத் துண்டியுங்கள். அடுத்து வங்கிக்குச் சொல்லி புகார் எண் வாங்குங்கள். கையோடு 1930-ஐ அழையுங்கள்; சைபர்கிரைம் இணையதளத்திலும் பதியலாம். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள்.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் வகுத்த விதிப்படி, வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இல்லாத மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. ரகசிய எண்ணை நாமே சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும்வரையிலான இழப்பு நம் தலையில். அதற்குப் பின் போவது வங்கியின் தலையில். அதனால் வெட்கப்பட்டுக் கடத்தும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை நாடலாம், தகவலுக்கு 14448.

ஆள்மாறாட்டம் செய்து கணினி வழி ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி பிரிவின்கீழ் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். கணக்கு செய்யாறில், அறை ஒரகடத்தில் என்று அலைய வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, எல்லை பாராமல் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

தொழிற்சாலை லைனில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சிவப்பு எமர்ஜென்சி பட்டனைக் காட்டித்தான் மெஷினில் விடுகிறார்கள். அடுத்த லீவில் ஊருக்குப் போகும்போது செயலியை மட்டும் போட்டுவிட்டு வராதீர்கள். ரவுட்டர் ஸ்விட்ச் எது என்று காட்டி, உங்கள் கண்ணெதிரே அப்பாவையே ஒரு முறை அணைக்கச் சொல்லுங்கள்.