ஒரு வண்டிக்கு எத்தனை எடை?

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அதை வாங்கும்போது, "பெட்டியோடு சேர்த்தா அரைக் கிலோ?" என்று கேட்பவர்கள் உண்டு. பெட்டியின் எடை போக உள்ளிருக்கும் பண்டத்தின் எடையே நிகர எடை என்பது நமக்குத் தெரியும். அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இராஜபாளையம். அங்கே நூற்பாலைகளில் பஞ்சை நிறுப்பவர்களுக்கு வேறொரு கேள்வி எழும்: "ஈரம் எவ்வளவு?" முற்றிலும் உலர்ந்த 100 கிலோகிராம் பஞ்சு, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி 108.5 கிலோகிராம் ஆகும் என்பது பஞ்சு வணிகத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு.

ஆக, ஒரு பொருளின் எடை இவ்வளவு என்று சொன்னால் மட்டும் போதாது. எந்த நிலையில் என்றும் சொல்லவேண்டும். பால்கோவாவிலும் பஞ்சிலும் இதை மறவாத நாம், மோட்டார் சைக்கிள் வாங்கும்போது மறந்துவிடுகிறோம். அதனால் பணமும் வீணாகலாம், காலும் முறியலாம்.

தோப்பில் விழுந்த வண்டி

என் மாணவர் ஒருவரின் குடும்பத்துக்கு இராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் மாந்தோப்பு இருக்கிறது. கல்லும் மேடு பள்ளமுமான பாதை என்பதால், கரடுமுரடான தரையில் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை அவர் வாங்கியிருந்தார். ஒரு நாள் சரிவில் வண்டி சாய்ந்து அவரது காலை அழுத்திவிட்டது. தனியாகத் தூக்க முடியவில்லை. தோப்புக் காவலாளி ஓடி வந்து தூக்கிய பிறகே காலை எடுக்க முடிந்தது.

மறுநாள் அவர் என்னிடம், "சார், விவரத்தாளில் 151 கிலோ என்று போட்டிருக்கிறான். கட்டாயம் அதற்கு மேல் இருக்கும். இதைக் கொடுத்துவிட்டு வேறு வண்டி வாங்கப் போகிறேன். அது 141 கிலோதான்" என்று சொல்லி இரண்டு தாள்களை நீட்டினார். புதிய வண்டிக்குக் கூடுதலாகப் பெருந்தொகை கொடுக்கவேண்டியிருந்தது. "முதலில் நிறுத்துப் பார்ப்போம், தம்பி" என்றேன்.

இங்கே ஒன்றைக் குறிப்பிடவேண்டும். இயற்பியலில் நிறை வேறு, எடை வேறு. கிலோகிராமில் சொல்லப்படுவது நிறையே. ஆயினும் படிப்போர் வசதிக்காக, கடைத்தெரு வழக்கப்படி எடை என்றே எழுதுகிறேன்.

நிறுப்பதிலும் ஒரு நுட்பம்

லாரிகளை நிறுக்கும் எடை மேடை இதற்கு ஏற்றதன்று. பல டன்களை அளக்கும் அதன் மீச்சிற்றளவு 5 அல்லது 10 கிலோகிராமாக இருக்கும். நாங்கள் தேடும் வேறுபாடே அந்த அளவுதான். எனவே மாங்காய் மண்டியில் இருந்த, 100 கிராம் வரை காட்டும் மின்னணு மேடைத் தராசைப் பயன்படுத்தினோம். அதன் மேடையில் ஒரு சக்கரம்தான் நிற்கும். அதனால் முன் சக்கரத்தைத் தனியாகவும் பின் சக்கரத்தைத் தனியாகவும் நிறுத்துக் கூட்டினோம். முன்புறம் 74.1, பின்புறம் 90.1, மொத்தம் 164.2 கிலோகிராம்.

இந்த விடை தவறு. தராசின் மேடை தரையிலிருந்து ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயரம். முன் சக்கரம் மேடையில் ஏறியபோது வண்டி பின்னோக்கிச் சாய்ந்தது. அதன் ஈர்ப்பு மையம் சக்கர அச்சுகளைவிட உயரத்தில் இருப்பதால், சுமையின் ஒரு பகுதி தாழ்ந்திருந்த பின் சக்கரத்துக்குப் போய்விட்டது. பின் சக்கரத்தை நிறுத்தபோது அவ்வாறே முன்னோக்கிச் சென்றது. இரண்டு முறையும் தராசு குறைவாகவே காட்டியது. தரையில் நின்ற சக்கரத்தின் அடியில் அதே உயரத்துக்குப் பலகைகளை அடுக்கி வண்டியை மட்டமாக்கி, விரலால் இலேசாகப் பிடித்துக்கொண்டு மீண்டும் நிறுத்தோம். முன்புறம் 76.0, பின்புறம் 92.1, மொத்தம் 168.1 கிலோகிராம். பலகை வைக்காத பிழை மட்டும் 3.9 கிலோகிராம்!

பதினேழு கிலோ எங்கிருந்து வந்தது?

அச்சிட்டது 151, தராசு காட்டியது 168.1. வேறுபாடு 17.1 கிலோகிராம். மாணவர் முகத்தில் வெற்றிப் புன்னகை. பிறகு வண்டியில் பின்னால் சேர்த்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி நிறுத்தோம். இரும்புக் காப்புக் கம்பி 6.4 கிலோகிராம். பின்புறச் சட்டமும் பெட்டியும் 7.3. பெட்டிக்குள் இருந்த கருவிகள், மழைக்கோட்டு முதலியன 1.9. கூட்டினால் 15.6.

விவரத்தாளின் அடியில் பொடி எழுத்தில், பெட்ரோல் தொட்டி 90 விழுக்காடு நிரம்பிய நிலையில் எடுத்த எடை என்று இருந்தது. நாங்கள் நிறுத்தபோது 12 லிட்டர்த் தொட்டி முழுவதும் நிரம்பியிருந்தது. அதாவது 1.2 லிட்டர் அதிகம். பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்கு ஏறத்தாழ 0.74 கிலோகிராம் என்று கொண்டால், இது 0.9 கிலோகிராம். எஞ்சியது 0.6. சக்கரக் காப்பில் காய்ந்து ஒட்டியிருந்த சேற்றுக்கு அது சரியாய்ப் போகும். நிறுவனம் பொய் சொல்லவில்லை. எடையைக் கூட்டியவர் என் மாணவரே!

உலர் எடை என்னும் மாயம்

அப்படியானால் 141 கிலோகிராம் வண்டியை வாங்கலாமா? அந்தத் தாளில் ‘உலர் எடை’ என்று இருந்தது. பெட்ரோல் இல்லாமல், பல நேரங்களில் எஞ்சின் எண்ணெய், குளிர்விக்கும் நீர்மம் முதலியனவும் இல்லாமல் சொல்லப்படும் எடை அது. அந்த நிலையில் எந்த வண்டியும் ஓடாது. ஓடத் தயாரான நிலையில், திரவங்களோடு சொல்லப்படுவது ‘கெர்ப் எடை’.

ஒரே வண்டிக்கு இவ்விரண்டும் எவ்வளவு வேறுபடும் என்பதற்கு நம் நாட்டு உதாரணம் ஒன்று உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஹிமாலயன் 450 வண்டிக்கு இரண்டையுமே வெளியிட்டது: உலர் எடை 181, 90 விழுக்காடு பெட்ரோலும் எண்ணெயும் சேர்த்து 196 கிலோகிராம். தொட்டி 17 லிட்டர். அதில் 90 விழுக்காடு 15.3 லிட்டர், எடை 11.3 கிலோகிராம். மீதி 3.7 கிலோகிராம் எண்ணெய் முதலியவற்றின் பங்கு. கணக்கு ஒத்துவருகிறது.

ஜப்பானின் சுசுகி நிறுவனத்தின் டிஆர்-இசட் 400எஸ் 2000-ஆம் ஆண்டில் வந்தபோது 132 கிலோகிராம் என்று குறிக்கப்பட்டது. பின்னாளில், பெரிதாக மாற்றமில்லாத அதே வண்டிக்கு 144 என்று அச்சிட்டார்கள். வண்டி பருத்துவிடவில்லை, உலர் எடைக்குப் பதிலாகக் கெர்ப் எடையைப் போட்டார்கள், அவ்வளவுதான். ஹோண்டா போன்ற நிறுவனங்கள் முழுத் தொட்டியோடு சொல்வதுண்டு. கேடிஎம் தன் பந்தய வகை வண்டிகளுக்குப் பெட்ரோல் இல்லாமல் எடையைச் சொல்கிறது. இப்படி வெவ்வேறு நிலைகளில் எடுத்த எண்களை அருகருகே வைத்து ஒப்பிடுவது, ஈரப் பஞ்சையும் உலர்ந்த பஞ்சையும் ஒரே விலைக்கு வாங்குவது போன்றதாகும்.

இப்போது மாணவரின் இரண்டாவது தாளுக்கு வருவோம். அந்த வண்டியின் தொட்டி 14 லிட்டர். 90 விழுக்காட்டுக்கு 12.6 லிட்டர், எடை 9.3 கிலோகிராம். மற்றத் திரவங்களுக்குச் சுமார் 3 கிலோகிராம். 141-உடன் கூட்டினால் 153-க்குச் சற்று மேல். பத்துக் கிலோ இலகுவானது என்று அவர் எண்ணிய வண்டி, உண்மையில் இரண்டு கிலோ கனமானது!

சரிவில் அந்தக் கிலோக்கள்

தார்ச் சாலையில் ஓடும்போது பத்துப் பதினைந்து கிலோகிராம் பெரிதாகத் தெரியாது. விழுந்த வண்டியைத் தூக்கும்போதுதான் தெரியும். அப்போது டயர்கள் தரையைத் தொடும் கோடே நெம்புகோலின் ஆதாரப்புள்ளி. அங்கிருந்து ஈர்ப்பு மையம் ஏறத்தாழ அரை மீட்டர். நாம் பிடிக்கும் கைப்பிடி ஒரு மீட்டர். ஆகவே தூக்கத் தொடங்கும்போது எடையில் பாதியளவு விசை வேண்டும். 168 கிலோகிராம் வண்டிக்கு 84. கூடுதல் சுமை இல்லாத 151-க்கு 75.5. இந்த 8.5 கிலோகிராம் வேறுபாடு, தனியாள் ஒருவர் தூக்கமுடிவதற்கும் முடியாமற்போவதற்கும் இடையே நிற்கலாம். வண்டி சரிவின் கீழ்ப்பக்கமாகத் தலை சாய்ந்து கிடந்தால் இன்னும் கடினம். உயரத்தில் பெட்டி வைத்தால் ஈர்ப்பு மையமும் உயர்ந்து, வண்டி எளிதில் சாயும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ‘சுமையற்ற எடை’ என்பது, வண்டி இயங்கும்போது வழக்கமாகப் பயன்படும் கருவிகள் அனைத்தும் சேர்ந்த எடை. ஓட்டுநரின் எடை அதில் சேராது. பதிவுச் சான்றிதழில் இந்த எண்ணைக் காணலாம்.

வண்டி வாங்குவோர் விளம்பரத்தில் எடையைப் பார்த்ததும் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். உலர் எடையா, கெர்ப் எடையா? தொட்டி எத்தனை லிட்டர், அதில் எவ்வளவு நிரப்பி நிறுத்தார்கள்? நான் மாட்டப்போகும் கம்பியும் பெட்டியும் எத்தனை கிலோகிராம்? விடை கிடைத்தபின் லிட்டரை 0.74-ஆல் பெருக்கி, எல்லா வண்டிகளையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். அதற்குப் பிறகும் கணக்கில் அடங்காத வேறுபாடு இருந்தால், அப்போது நிறுவனத்தைக் கேள்வி கேட்கலாம்.

என் மாணவர் வண்டியை மாற்றவில்லை. இரும்புக் காப்புக் கம்பியை மட்டும் வைத்துக்கொண்டு, சட்டத்தையும் பெட்டியையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டார். தோப்புக்குப் போகும்போது கருவிகளில் வேண்டியவற்றை மட்டும் ஒரு துணிப்பையில் எடுத்துச் செல்கிறார்.