போர்ப்பணியும் பின்வந்த பிணியும்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள், மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் கிழக்குக் கடலிலே, ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஜப்பானிய விமானங்களின் குண்டுகளுக்கு இரையாகி மூழ்கியது. 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். உயிர் பிழைத்தோரிற் பெரும்பாலாரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் மீட்டுச் சென்றது.

மாண்டோர் கணக்கு அன்றே முடிந்தது. பிழைத்தோர் கணக்கு அவ்வளவு எளிதில் முடிவதன்று. குண்டுபட்டுக் காலிழந்தவனுக்கு அவன் உடலே சாட்சி. ஆனால், கடலில் மிதந்து கரைசேர்ந்த ஒருவனுக்குச் சில ஆண்டு கழித்து நெஞ்சுநோய் கண்டது என்று வைத்துக்கொள்வோம். அது போர்ப்பணியால் விளைந்ததா, தானே வந்ததா? அதனை மெய்ப்பிக்க வேண்டியவர் உபகாரச் சம்பளம் கேட்கும் வீரனா, கொடுக்கவேண்டிய அரசா?

பிரித்தானியாவின் போர் உபகாரச் சம்பள விதிகள் இவ்வினாவுக்கு விடை கூறின. சேவை முடிந்து ஏழாண்டுக்குள் கேட்பவன் எதனையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தொடர்பில்லை என்பதை அரசே நியாயமான ஐயத்துக்கு இடமின்றிக் காட்டவேண்டும். ஏழாண்டு கடந்து கேட்பவனோ, நம்பத்தக்க சான்றினால் அத்தகைய ஐயத்தையேனும் எழுப்பவேண்டும். சேவையே நோயைத் தோற்றுவித்திருக்க வேண்டுமென்பதில்லை; முன்பிருந்த நோயை முற்றச் செய்திருப்பினும் போதும். எனினும், வெறுங் கற்பனை ஐயமாகாது என்பதை நீதிபதி டென்னிங் 1947இல் தெளிவாக்கினார்.

2005 ஏப்ரல் 6 முதலான சேவைக்கு அந்நாடு வகுத்த புதிய திட்டத்திலே, மெய்ப்பிக்கும் சுமை மீண்டும் வீரனைச் சார்ந்தது. சேவையே காரணமாயிருத்தல் கூடுதலாகப் பொருந்தும் என்று அவன் காட்டவேண்டும்.

வலிப்பு நோய் காரணமாகப் படையினின்று விலக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம் வீரர் பக்கமே நின்றது. சேரும்போது நோய்க்குறிப்பு எழுதப்படவில்லையெனில், அவர் நலமுடனேயே சேர்ந்தார் எனக் கொள்ளவேண்டும். அந்நோய் சேவையால் வந்ததன்று என்னும் மருத்துவக் குழு அதற்குக் காரணம் காட்டவேண்டும் என்று அது தீர்ப்பளித்தது.

ஆகவே, சேரும்போது நடந்த மருத்துவச் சோதனையின் பதிவும், பாசறை வைத்தியசாலைச் சீட்டும், விலகும்போது பெற்ற பத்திரமும், உடனிருந்த தோழனின் வாக்குமூலமும் பேணத்தக்க செல்வங்களாம்.

ஹெர்மிஸ் இன்றும் மட்டக்களப்புக் கடலடியிற் கிடக்கின்றது. மூழ்கிச் செல்வோர் அதனைக் கண்டு மீள்கின்றனர். வீரனின் உடலுக்குள் மறைந்த கேட்டினை அவ்வாறு கண்ணாற் காண்பதற்கில்லை. அதற்குச் சான்று கூறுபவை, உரிய காலத்தில் எழுதி உரிய முறையிற் காக்கப்பட்ட அச்சிறு தாள்களே.