பழைய காற்றுத் துப்பாக்கி வாங்குவோர் அறிய வேண்டியவை

2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில், 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019ஆம் ஆண்டு இதே பிரிவில் உலகக் கோப்பைத் தங்கம் பெற்றார். இச்செய்திகளால் ஊக்கம் பெறும் சிற்றூர் இளைஞர், புதியதன் விலைக்கு அஞ்சிப் பழைய துப்பாக்கியை நாடுதல் இயல்பே. அவர்கள் ரவையின் அளவு, சட்டத்தின் எல்லை, பொருளின் உண்மை மதிப்பு ஆகிய மூன்றையும் முன்னதாகவே அறிதல் நலம்.

காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை. சுருள்வில்லின் விசையால் நெருக்கப்படும் காற்றே ரவையைத் தள்ளுகிறது. ஈய ரவை உடுக்கையைப் போல் இடை சிறுத்திருக்கும். அதன் பின்பகுதி உள்ளீடற்றது. காற்று அழுத்தும்போது அப்பகுதி விரிந்து குழலின் உட்சுவரைக் கவ்விக்கொள்வதால் காற்று வீணாவதில்லை. குழலினுள் உள்ள முறுக்கு வரிகள் ரவையைச் சுழலச் செய்ய, அதுவும் நேராகச் செல்கிறது.

ரவைகள் 4.5, 5.0, 5.5, 6.35 மில்லிமீட்டர் என நான்கு அளவுகளில் கிடைக்கின்றன. அங்குலக் கணக்கில் இவை முறையே .177, .20, .22, .25 எனப்படும். போட்டிக்குரியது 4.5 மட்டுமே. அதிலும் தட்டைத் தலையுடைய ரவையே காகித இலக்கில் வட்டமான தெளிந்த துளை இடும். சில பெட்டிகளின்மீது 4.49, 4.50, 4.51 என்று அச்சிட்டிருப்பது தலையின் நுண்ணளவாகும். ஒவ்வொரு குழலுக்கும் எது பொருந்தும் என்பதைச் சுட்டுப் பார்த்தே அறிய இயலும்.

அளவை அறியாமல் வாங்குவோர் சட்டத்தில் சிக்க நேரிடும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் 4.5 மில்லிமீட்டர் குழலையும் 20 ஜூல் ஆற்றலையும் எல்லையாகக் கொள்கின்றன. இவ்விரண்டிற்கும் உட்பட்டதற்கு உரிமம் வேண்டுவதில்லை, மிகுந்ததற்கு வேண்டும். 0.53 கிராம் ரவை நொடிக்கு 180 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் ஆற்றல் ஏறக்குறைய 8.6 ஜூல் ஆகும்.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. நிறுவனம் 1905ஆம் ஆண்டு முதல் காற்றுத் துப்பாக்கிகளைச் செய்தது. அதன் பழைய துப்பாக்கிகளில் பொறித்துள்ள 1, 2, 3 என்னும் துளை எண்கள் தரவரிசை அல்ல, முறையே.177, .22, .25 என்னும் அளவுகளேயாம். "இரண்டாம் எண்" மலிவாகக் கிடைக்கிறதே என்று மன்றத்துப் பணத்தைக் கொடுத்துவிட்டால், அது போட்டிக்கும் உதவாது. உரிமமின்றி வைத்திருப்பதும் குற்றமாகும்.

இனி மதிப்பிடும் முறையைக் காண்போம். குழலை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே துரு உண்டா என்று பார்க்க வேண்டும். மடக்கும் குழல் பக்கவாட்டில் ஆடலாகாது. குழல் பொருந்தும் இடத்தருகே மெல்லிய காகிதத் துண்டை வைத்துச் சுட்டால், காற்றுக் கசிவு இருப்பின் காகிதம் பறக்கும். பின்னர், துப்பாக்கியை மணல் மூட்டையில் தாங்கி, 10 மீட்டரில் ஐந்து ரவைகள் சுடுக. துளைகள் நெருங்கி விழுந்தால் குழல் நன்று. சிதறினால் வேறு ரவையிட்டும் பார்த்து, அதன் பின்னரே முடிவு செய்க.

வில்லும் அடைப்பான் வாரும் தேய்ந்திருந்தால் மாற்றலாம். குழல் கெட்டிருப்பின் விலையைப் பெரிதும் குறைத்தே மதிப்பிடல் வேண்டும். அதே வகைப் புதியதன் விலையிலிருந்து பழுதுபார்க்கும் செலவையும் தேய்மானத்தையும் கழித்து வருவதே நியாய விலை. உதிரி உறுப்பு கிடைக்காத துப்பாக்கி எத்துணை அழகாக இருப்பினும் பயிற்சிக்கு ஆகாது. பழம்பொருள் சேர்ப்போர் மட்டுமே அதற்கு மிகுவிலை தருவர். அவர்களும் மூல உறுப்புகள் மாறாதிருப்பதையே விரும்புவர்.

வாங்கியபின் ரவையின்றிச் சுடலாகாது. வில்லை ஏற்றியபடியே வைத்தலும் கூடாது. ஈயம் நஞ்சாதலால் பயிற்சி முடிந்ததும் கை கழுவுதல் வேண்டும். குழந்தைகளுக்கு எட்டாதவாறு பூட்டி வைத்தல் இன்றியமையாதது. சிறு ரவையும் கண்ணைப் பறிக்க வல்லது. பயிரை அழிக்கிறதென்று மயிலைச் சுடுவது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் மன்ற உறுப்பினர் அனைவருக்கும் எடுத்துரைத்தல் நம் கடமையாகும். குழலின் அளவில் ஐயம் எழுந்தால், முன்பணம் கொடுக்குமுன் காவல் நிலையத்தில் கேட்டுத் தெளிக.